தங்கத் தாத்தாவும் நம் வகுப்பறையும்

நூற்றாண்டு மலருக்காக ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டார்கள். நம் பாடசாலையை வளர்த்த அருட்சகோதரிகளைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுத நம்மிலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாம் எடுத்துக்கொண்டவர் மன்னாரைச் சேராத ஒருவர். ஆனாலும் இந்தப் பாடசாலையின் பாலர் வகுப்பில் இருந்தெழும்பிய ஒவ்வொருத்திக்கும் அவர் சொந்தக்காரர். நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் என்று முழுப்பெயரைச் சொன்னால் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள். கத்தரித் தோட்டத்து வெருளி என்று சொன்னால், ரொறன்ரோவில் இருந்தாலும் மெல்பேணில் இருந்தாலும், இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் நீளும். ஆடிப்பிறப்புப் பாட்டு என்று சொன்னால் வாயூறும். அவரைத்தான் தங்கத் தாத்தா என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிய ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பட்டங்களுள் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

புலவர் பிறந்தது 1878ஆம் ஆண்டு மே மாதம், யாழ்ப்பாணம் வலிகாமத்தில் மானிப்பாயை அடுத்த நவாலியில். தந்தையார் பெயர் கதிர்காமர், தாயார் இலக்குமிப்பிள்ளை. நவாலி வயலும் தோட்டமும் பனையும் கலந்த ஊர். ஒரு பக்கம் கல்லுண்டாய் வெளி, கடல்நீர் ஏறி இறங்கும் உவர்நிலம். இன்னொரு பக்கம் அட்டகிரி முருகன் கோயில். அந்த முருகன்மேலும் கல்லுண்டாய் வைரவர்மேலும் அவர் பின்னாளில் பாடியிருக்கிறார். பிறந்த ஊரின் கோயில்களையும் மரங்களையும் தோட்டங்களையும் விட்டு அவருடைய தமிழ் வெகுதூரம் போனதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொண்டதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறோம்.

அவர் பிறந்த காலத்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறுமுக நாவலர் காலமானது 1879இல். அப்போது சோமசுந்தரம் ஒரு வயதுக் குழந்தை. நாவலர் பாலபாடங்களை எழுதி, பிள்ளைகள் படிப்பதற்கென்று தெளிவான வசனநடை ஒன்றை உண்டாக்கிவிட்டுப் போயிருந்தார். பாட்டு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மனனம் செய்தது ஆத்திசூடி, கொன்றைவேந்தன். பிறகு மூதுரை, நல்வழி, நிகண்டு. எல்லாம் நல்ல நூல்கள்தாம். ஆனால் அவற்றில் பேசுபவர் பெரியவர், கேட்பது பிள்ளை. செய் என்றும் செய்யாதே என்றும் சொல்லப்படும் இடத்திலேதான் பிள்ளைக்கு இருக்கை. பிள்ளை தானே வாய் திறந்து தன் சந்தோசத்தைச் சொல்ல ஒரு பாட்டு ஏட்டில் இருக்கவில்லை. வீட்டுத் தாலாட்டிலும் முற்றத்து விளையாட்டிலும் இருந்தது, பள்ளிக்கூடத்துக்குள் அதை யாரும் கூட்டி வரவில்லை.

தமிழும் ஆங்கிலமும் கற்ற சோமசுந்தரம் ஆசிரியத் தொழிலுக்கு வந்தார். வட்டுக்கோட்டையில் அப்போது இந்து ஆங்கிலப் பாடசாலை என்று இருந்த, இன்று வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரி என்று நாம் அறியும் பாடசாலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். நாற்பது ஆண்டுகள் என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தே பாதிச் சேவைக்காலம் போகிற இந்த நாளில், ஒரே பாடசாலையில் அத்தனை காலம் நிற்பதென்றால் முதலில் படித்தவனின் பிள்ளையும் அவனுடைய பிள்ளையும் அதே ஆசிரியரிடம் வந்து இருப்பார்கள். அவருக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வயது மட்டும் மாறவில்லை. பத்து வயதுப் பிள்ளை எதற்குச் சிரிக்கும், எந்த இடத்தில் கண் அங்குமிங்கும் அலையும், எந்தச் சொல்லை நாக்கு விரும்பிப் பிடிக்கும் என்பதை நாற்பது வருடம் பார்த்த ஒருவர் எழுதிய பாட்டுகள் அவை. புத்தகம் எழுதுகிறவர்கள் இன்று பாடசாலைக்கு வந்து பிள்ளைகளைச் சந்தித்துவிட்டுப் போகிறார்கள், நல்ல வழக்கம். புலவர் சந்திப்பை முடித்துக்கொண்டு போகவே இல்லை.

ஆடிப்பிறப்புப் பாட்டை எடுத்துக்கொள்வோம். வரிகளை இங்கே எழுதப் போவதில்லை, எழுதவும் தேவையில்லை, உங்களுக்குப் பாடம். அதில் பேசுவது ஒரு பிள்ளை. நாளைக்கு லீவு என்ற செய்தியோடு தன் கூட்டாளிகளைக் கூப்பிடுகிறது. அந்தக் காலத்தில் ஆடி முதல் நாள் பாடசாலைகளுக்கு விடுமுறை. இன்று இல்லை என்பதால் இப்போதைய பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு பாட்டு குசினிக்குள் போகிறது. பயறு வறுபடுகிறது, அரிசி இடிபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, மா குழைகிறது, கொழுக்கட்டை அவிகிறது, பனங்கட்டிக் கூழ் துழாவப்படுகிறது. ஒரு வேலையும் முன்பின்னாக இல்லை. நம் சக மாணவி ஒருத்தி, கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போன முதல் வருடம், அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கக் காசு பார்த்து, அந்தப் பாட்டை வாய்க்குள் சொல்லிச் சொல்லியே கொழுக்கட்டை அவித்து முடித்தாள். அளவுகள் பாட்டில் இல்லை, முறை முழுதாய் இருக்கிறது. அடுப்படியில் நின்று பார்த்த பிள்ளையின் கண் அது. எட்டிப் பார்க்கிற உயரத்திலிருந்து என்ன தெரியுமோ அது மட்டும் அதில் இருக்கிறது. கடைசியில் பலாவிலையைப் பொறுக்கி வந்து மடித்துக் கோலிக்கொண்டு கூழை ஊதி ஊதிக் குடிப்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. இதனால் பிள்ளைகளே நீங்கள் அறிய வேண்டியது என்று ஒரு வார்த்தை இல்லை.

(வைத்தியர் என்ற முறையில் ஓர் இடைச்செருகல்: பனங்கட்டியும் சீனியைப் போல இரத்தத்தில் ஏறும். நம் வயதில் பலருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பாட்டை முழுதாகப் பாடலாம், கூழை அரைக் கோப்பையோடு நிறுத்துவது நல்லது.)

வெருளிப் பாட்டு வேறு விதம். கத்தரித் தோட்டத்தின் நடுவில் நிற்கும் வெருளியைப் பார்த்து ஒரு பிள்ளை பேசுகிறது. சம்பளம் வாங்காமல், கண் மூடாமல் காவல் காக்கிறவன் என்று புகழ்கிறது. தலைப்பாகையைப் பார்க்கிறது, சட்டையைப் பார்க்கிறது, கையில் உள்ள தடியைப் பார்க்கிறது. காகம் பயந்து ஓடும், இரவில் வரும் கள்ளனும் நடுங்குவான். தூரத்தில் நின்று பார்த்தபோது பிள்ளைக்கும் நெஞ்சு இடித்தது. கிட்டக் கிட்டப் போகத்தான் தெரிகிறது, இவன் ஆளே இல்லை, வெறும் வேடக்காரன் என்று. மன்னார்த் தீவில் கத்தரித் தோட்டம் பெரிதாய் இல்லை. நானாட்டான், முருங்கன் பக்கத்துப் பிள்ளைகள் வயலில் வெருளி கண்டிருப்பார்கள்; தீவுக்குள் இருந்த எங்களுக்குப் புதிதாய்க் கட்டும் வீட்டின்மேல் கண்ணூறுக்குக் கட்டிவைத்த வெருளிதான் தெரியும். அதனால் ஒன்றும் குறையவில்லை. பயந்ததற்குக் கிட்டப் போய்ப் பார்த்த அனுபவம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. சிறுவர் விடுதியில் வேலை செய்யும்போது வெள்ளை அங்கியைக் கண்டதும் வீரிட்டு அழுகிற பிள்ளைகளுக்கு நாம் இந்தப் பாட்டைச் சொல்லியிருக்கிறோம். ஸ்டெதஸ்கோப்பைக் கையில் கொடுத்துவிட்டு, நாமே வெருளிபோலக் கையை நீட்டி நின்றால், ஊசிக்கு முன் ஒரு நிமிடமாவது கிடைக்கும். தாதியர் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் பாடினார்கள்.

இந்தப் பாட்டுகளில் ஆசிரியைக்கும் வேலை வைத்திருக்கிறார் புலவர். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆடிப்பிறப்பில் இடிக்கலாம், துருவலாம், துழாவலாம், ஊதலாம். வெருளியில் ஒருத்தி அசையாமல் நிற்க, மற்றவர்கள் காகமாகலாம், கள்ளனாகலாம். பால்குடத்தோடு நடந்தபடி கனவு கண்டு, தலையை ஆட்டிக் குடத்தை விழுத்தும் பெண்ணின் கதையை அவர் ‘பவளக்கொடி’ என்று பாடினார்; அதுவோ ஒரு முழு நாடகம். தலையில் சும்மாட்டை வைத்து நடந்து காட்ட எங்கள் வகுப்பில் அடிபிடி நடக்கும். நாற்பது பிள்ளைகளை ஓர் அறைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியையின் கஷ்டத்தை அறிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். புத்தகமே இல்லாவிட்டாலும் பாட்டு நடக்கும். இந்த ஒன்று எவ்வளவு பெரிது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

1930களில் வடபகுதி ஆசிரியர்களிடையே பிள்ளைப் பாட்டு என்பது ஓர் இயக்கம்போலவே கிளம்பியது. சிறு வகுப்புகளுக்கு ஏற்ற பாட்டுகள் வேண்டும் என்று ஆசிரியர்களே எழுத முனைந்தார்கள். 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் ‘பிள்ளைப் பாட்டு’ என்ற தொகுப்பை வெளியிட்டது. சிறுவர் இலக்கியம் என்று ஈழத்தில் நாம் சொல்வது பதிப்பகத்திலோ பத்திரிகைக் கந்தோரிலோ பிறக்கவில்லை, ஆசிரியர்களின் கூட்டத்திலே பிறந்தது. புலவரின் பாட்டுகள் ஊர் ஊராகப் பரவியதும் அந்த வழியால்தான். ஓர் ஆசிரியர் கேட்டு, எழுதி எடுத்து, தன் வகுப்பில் பாடி, அங்கே படித்தவள் ஆசிரியையாகி வேறு ஊருக்குப் போய்ப் பாடி, அப்படித்தான் கடல்தாண்டி மன்னாருக்கும் வந்தது.

அக்கரையிலும் அதே காலத்தில் அதே வயதில் ஒருவர் இருந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்து 1954இல் மறைந்தவர். புலவருக்கு இரண்டு வயது மூப்பு, மறைந்ததோ ஓராண்டு பிந்தி. அவரும் ஆசிரியர், பெண்கள் கல்லூரியிலும் கற்பித்தவர். பசுவையும் கன்றையும் காக்கையையும் பிள்ளை மொழியில் பாடினார். இருவருக்கும் இடையில் பாரதியார் 1915இல் பாப்பாவைக் கூப்பிட்டுப் பாடினார். பாரதியின் பாட்டு மிகப் பெரிது, ஆனால் அங்கே பாப்பா கேட்கிறாள், பெரியவர் சொல்கிறார். நவாலித் தாத்தா பெரியவரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையை மட்டும் பேச விட்டார். எது உயர்ந்தது என்று தராசு பிடிக்க நமக்குத் தகுதியில்லை. ஆறு வயதில் எது நம் வாயில் நின்றது என்று கேட்டால் பதில் தெரியும்.

புலவர் சிறுவர்களுக்கு மட்டும் எழுதியவர் என்று நினைத்துவிடக் கூடாது. மரபுக்கவிதையில் தேர்ந்த கை அவருடையது. கதிர்காமத்தின்மேல் சிலேடை வெண்பா, நாமகள்மேல் புகழ்மாலை, நல்லூர் முருகன்மேல் திருப்புகழ், ‘இலங்கை வளம்’ என்று செய்யுட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ‘உயிரிளங்குமரன்’ என்ற நாடகத்தில் ஆன்மாவையே ஓர் இளவரசனாக்கிச் சைவசித்தாந்தத்தைக் கதையாகச் சொன்னார். அவருடைய புதல்வர் இளமுருகனார் பெரும்புலவர், ‘ஈழத்துச் சிதம்பர புராணம்’ பாடியவர். மற்றொரு புதல்வர் நவாலியூர் சோ. நடராசனும் அறிஞர். பண்டிதர்கள் புலவரைப் பண்டிதராய்ப் போற்றினார்கள். சிலேடை வெண்பா பாடத் தெரிந்த ஒருவர் பத்து வயதுப் பிள்ளைக்காகக் கூழைப் பற்றி எழுத உட்கார்ந்தாரே, அதுதான் நமக்கு ஆச்சரியம். எளிமை அவருக்கு இயலாமையால் வந்ததில்லை.

இரண்டு நூல்களைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்று ‘தாலவிலாசம்’. பனையின் பெருமையைப் பாடியது. பனையை அறியாத மன்னார்ப் பெண் யார்? தலைமன்னாரிலிருந்து பேசாலைக்கு வருகிற வழியெல்லாம் அதுதானே நிற்கிறது. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, நுங்கு, பினாட்டுத் தட்டு காயவைக்கும் பாய், கடகம், நீத்துப்பெட்டி என்று நம் வீட்டுப் பொருளில் பாதி அந்த மரத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பனையைப் பாடியது மன்னாருக்கும் பாடியதாயிற்று.

மற்றது ‘சுகாதாரக் கும்மி’. பெயரைக் கேட்டதும் வைத்தியர்களான நமக்குக் காது நிமிர்கிறது. தடுப்பூசியும் நுளம்பு ஒழிப்பும் பற்றி நாம் இன்று துண்டுப்பிரசுரம் அச்சிடுகிறோம். அவர் கும்மியைத் தேர்ந்தெடுத்தார். கும்மியில் கை தட்ட வேண்டும், சுற்றி வர வேண்டும், ஒருத்தி சொன்னதை மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன செய்தி வீடு வரைக்கும் போகும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்தச் சந்தோசம் அடங்குமுன்பே நம் மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பினத்தைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றை மூடி வைக்கச் சொல்லியும் மீன்குஞ்சு விடச் சொல்லியும் வீடு வீடாய்ப் போகிறபோது, பெரியவர்களிடம் சொன்னதைவிடப் பாடசாலைப் பிள்ளையிடம் சொன்னதுதான் நடந்திருக்கிறது. புலவர் இருந்திருந்தால் ஒரு கும்மி கேட்டு வாங்கியிருப்போம்.

இனி நம் பாடசாலைக்கு வருவோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது, பிறகு தாய்மொழியில் பாடநூல்கள் வந்தன, 1980 முதல் அந்தப் பாடநூல்கள் இலவசமாகவே கிடைத்தன. நாங்கள் அதற்குச் சற்றுப் பின்னால் அரிவரிக்கு வந்தவர்கள். கன்னியாஸ்திரிகள் வளர்த்த பாடசாலை, வகுப்பில் பாதிக்கு மேல் கத்தோலிக்கப் பிள்ளைகள், எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வருகிற முஸ்லிம் பிள்ளைகள், மிச்சம் சைவப் பிள்ளைகள். ஆடிப்பிறப்புப் பாட்டிலோ குத்துவிளக்கு உண்டு, படையல் உண்டு. எங்கள் ரீச்சர் அதில் ஒரு வரியையும் விழுங்காமல் எல்லாரையும் பாடவைத்தார். யாருடைய வீட்டிலும் யாரும் முறைப்பாடு சொல்லவில்லை. ஆடி வந்தால் சைவ வீட்டுக் கூழ் போத்தலில் வரும். பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும். நத்தாருக்கு எல்லாரும் எல்லார் வீட்டிலும் இருப்பார்கள். பாட்டில் உள்ள பிள்ளை கூட்டாளிகளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் கூழைப் பற்றியே பேசுகிறது. தனியே குடிக்கிற கூழ் அதில் இல்லை. மன்னாருக்கு அது பொருந்தியது.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. ஆடி பிறந்தபோது நம்மில் பலர் மடுவில் இருந்தோம். சிலர் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்விட்டார்கள். கோவில் வளவில் தறப்பாளுக்குக் கீழே சனம் நிறைந்திருந்தது. நமக்குப் பாடம் சொன்ன ரீச்சரும் தன் இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தார். புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. மரத்தடியில் இருத்தி, ஞாபகத்தில் உள்ளதைக் கற்பித்தார். அவருடைய ஞாபகத்தில் முழுதாக இருந்தவை செபங்களும் வாய்பாடும் தங்கத் தாத்தாவின் பாட்டுகளும். நிவாரண மாவில் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்று வந்த பிள்ளைகளுக்கு ஆடிக்கூழ்ப் பாட்டைப் படிப்பிப்பது சரியா என்று யோசிக்கத்தான் செய்வோம். அவர் படிப்பித்தார். பலாவிலைக்கு எங்கே போவது? பாலை இலையைப் பொறுக்கினோம். அது சின்ன இலை, எப்படி மடித்தாலும் ஒரு துளிதான் நிற்கும். அந்த ஒரு துளியை எல்லாரும் ஊதி ஊதிக் குடித்தோம். சிரித்தோம் என்பதும் ஞாபகம் இருக்கிறது. புத்தகம் இல்லாமலும் நடக்கிற பாட்டு என்று முன்னே சொன்னது இதைத்தான்.

அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டித் தோழிகளும் தாராபுரத் தோழிகளும் புத்தளம் போனார்கள். நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து வகுப்பில் இருந்தபோது வாங்குகளில் இடம் இருந்தது. கூட்டாளிகளைக் கூப்பிடுகிற அந்த முதல் அடியை அடுத்த வருடம் பாடியபோது ரீச்சரின் குரல் கம்மியது. எங்களுக்கு அப்போது பத்து வயது. ஏன் என்று கேட்கத் தெரியவில்லை, ஏன் என்று தெரிந்தும் இருந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, சங்கத்தின் ஒன்றுகூடல் ஒன்றுக்குப் புத்தளத்திலிருந்து ஒரு தோழி வந்தாள். இப்போது அங்கே ஆரம்பப்பிரிவு ஆசிரியை. முகாமில் ஓலைக் கொட்டிலில் மாலைநேரப் பாடசாலை நடந்ததாம். அங்கேயும் அதே பாட்டைப் படித்தாளாம். இப்போது அவள் வகுப்பில் பிள்ளைகளைக்கொண்டு செய்விக்கும் வெருளி, நம் ரீச்சர் செய்வித்த அதே வெருளி. இடது கையில் தடி, கண் சிமிட்டக் கூடாது. நவாலியில் எழுதி, வட்டுக்கோட்டையில் பாடி, மன்னாரில் படித்து, மடுவிலும் புத்தளத்திலும் பிரிந்து போன ஒரு பாட்டை, மண்டபத்தில் நாற்பது வயது தாண்டிய பெண்கள் பத்துப் பேர் கையை நீட்டி நின்று பாடினோம். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

நவாலி என்ற பெயர் நம் தலைமுறைக்கு இன்னொன்றையும் நினைவூட்டும். 1995 ஜூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கியிருந்த நவாலி புனித பேதுரு ஆலயத்தின்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரம் இருந்தது. மன்னார் ஆலயங்களில் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தபோது, பாட்டில் வந்த நவாலிதானா இது என்று ஒரு சின்னப் பிள்ளை தாயிடம் கேட்டதை நாம் கேட்டோம்.

புலவர் மறைந்ததும் ஜூலை மாதத்தில்தான், 1953 ஜூலை 10ஆம் திகதி. எழுபத்தைந்து வயது. ஆனி மாதம் முடிய இன்னும் சில நாட்கள். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரம். அவர் இல்லாத முதலாவது ஆடிக்கூழை அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிக் குடித்தார்களோ! சிறுவர்களுக்கு அவர் பாடியவை ‘சிறுவர் செந்தமிழ்’ என்ற பெயரில் நூலாகியிருக்கின்றன. ஆடிப்பிறப்பும் வெருளியும் பவளக்கொடியும் மட்டும் அறிந்தவர்கள் ‘தாடி அறுந்த வேடன்’, ‘இலவு காத்த கிளி’ ஆகியவற்றையும் தேடிப் படிக்க வேண்டும். நவாலியில் அவருடைய சிலை இருக்கிறது. ஆடி முதல் நாளில் அந்த முன்றலில் விழா எடுத்து, பாட்டைப் பாடி, கூழ் வார்க்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற தோழியருக்கு ஒரு செய்தி. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் படிப்பிப்பவர்கள் உங்களில் பலர். இந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பனங்கட்டிக்கும் அகப்பைக்கும் பலாவிலைக்கும் பொருள் எழுதிக் கொடுத்தே பாதி நேரம் போகிறது, பிள்ளைக்குச் சலித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் எழுதிக் கொடுப்பதைப் பிந்தி வையுங்கள். முதலில் ஊதவிடுங்கள், துழாவவிடுங்கள். பலாவிலை அங்கே கிடைக்காது, பரவாயில்லை. மன்னார் மணலிலும் பலா மலிவாக நிற்கவில்லை. நம் வீடுகளில் பனையோலைப் பிளாவில்தான் கூழ் குடித்தோம், அதைப் பாட்டோடு சேர்த்துப் பாடியும் இருக்கிறோம். கடதாசிக் கோப்பையானாலும் கூழ் சுடச்சுட இருக்க வேண்டும். பனங்கட்டி வேண்டுமானால் சங்கத்துக்கு எழுதுங்கள். ஜூன் முடிவதற்குள் எழுதினால் ஆடிக்கு முன் வந்து சேரும்.